சந்தேகத்துக்கு ஒரு சைகை

1. பலூன்கள்

ரஹ்மத்துல்லாவின் வலது மணிக்கட்டு முறிந்த அன்று காலை, எங்கள் தொழிற்சாலையின் பயிற்சி அறையில் முந்தைய நாள் கட்டிய பலூன்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. மென்திறன் பயிற்சி வகுப்புக்காக நான்தான் அவற்றை வாங்கிவரச் சொல்லியிருந்தேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் சேர்ந்தவள் நான். இன்று அந்தப் பிரிவின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து நேரே வந்து சேரும் இளையவர்கள் சில மாதங்களுக்குள் ஒரே கேள்வியோடு என் மேசைக்கு வருகிறார்கள்: "நிறுவன நடத்தையியல்னு ஒரு பேப்பர் படிச்சோமே மேடம், அது நெஜமா இங்க எதுக்காவது உதவுதா?" இந்த நிகழ்ச்சியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

பயிற்சி வகுப்பை நடத்தச் சென்னையிலிருந்து வந்தவர் திறமையானவர். மாலையில் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார். இரண்டு பேர் எழுந்து வந்து, ஒருவர் கோபமான வாடிக்கையாளராகவும் மற்றவர் நிறுவன ஊழியராகவும் பேசிக்காட்ட வேண்டும். அவருக்கு எங்கள் ஆட்களைப் பற்றி எதுவும் தெரியாது. முன்வரிசையில் ஒருவரையும் பின்வரிசையில் ஒருவரையும் கைகாட்டி அழைத்தார். அறை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

முன்வரிசையில் இருந்தவர் செபஸ்தியான், கிரேன் ஆபரேட்டர். ஊர் பொன்மலை. கூரைக்குக் கீழே ஓடும் பெரிய கிரேனின் கேபினில் உட்கார்ந்து டன் கணக்கான இரும்பைத் தூக்கி இறக்குகிறவர். பின்வரிசையில் இருந்தவர் வையம்பட்டி முருகேசன், ரிக்கர். சுமையைச் சுற்றி ஸ்லிங் என்னும் கம்பிவடத்தைக் கட்டி, கீழே நின்று கையால் சைகை காட்டி, கிரேனை நடத்துகிறவர். ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். ஒரே இடத்தில், ஒரே ஷிஃப்டில், ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் வேலை செய்கிறவர்கள். ஆனால் இரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

பயிற்சியாளர் ஆரம்பிக்கச் சொன்னதும் செபஸ்தியான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்னங்க, போன மாசமே வரவேண்டிய சரக்கு எங்கங்க?"

முருகேசன் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். "உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க சார். தப்பு எங்க பக்கம்தாங்க. மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் புரிஞ்சுக்கிட்டிருப்பேனே."

"இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல உங்ககிட்ட வந்து சொல்றேங்க."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "அப்படியே நில்லுங்கப்பா, போட்டோ எடுத்துக்கறோம்! நாளைக்குச் சொன்னா எவனும் நம்ப மாட்டான்!"

சிறந்த ஜோடி என்று இருவருக்கும் ஆளுக்கொரு பேனா கிடைத்தது. பயிற்சி பலித்துவிட்டது என்றே நான் நினைத்தேன். ஆனால் தேநீர் இடைவேளையில் செபஸ்தியான் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். முருகேசன் ஜன்னல் பக்கம் போனார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விபத்து நடந்தது. ஸ்டாண்டுகளின் மேல் கிடந்த ஒரு பெரிய ஷெல்லை, அதாவது தகட்டை வளைத்துச் செய்த உருளையை, கிரேன் தூக்கியது. ஸ்டாண்டை விட்டு ஒரு முழம்கூட எழும்பியிருக்காது. முருகேசன் நின்ற இடத்துக்கு மறுபக்கத்து ஸ்லிங், ஷெல்லில் பற்றவைத்திருந்த சிறு குழாய்த் துண்டான ஸ்டப்பின் மேலிருந்து வழுக்கி இறங்கியது. ஷெல் ஒரு குலுக்கலோடு திரும்பி ஒரு ஸ்டாண்டை அடித்துச் சாய்த்தது. தன் கிரைண்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு விலகிப் போய்க்கொண்டிருந்த ரஹ்மத்துல்லாவின் கை, சாய்ந்த ஸ்டாண்டுக்கும் அடுக்கியிருந்த இரும்புப் பிளேட்டுகளுக்கும் நடுவே சிக்கியது. முருகேசன் நிறுத்தச் சைகை காட்டிய அதே நொடியில் கிரேன் நின்றது. அந்த நொடி தவறியிருந்தால் போயிருப்பது கை மட்டுமாக இருக்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

2. ஒரு பெயர் வேண்டும்

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சம்பத் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நானும் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதால் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் பாலம் கடந்து வருவோம். பஸ்ஸில் கோயில் உற்சவங்களைப் பற்றி நிறையப் பேசுவார். அன்று அறைக்குள் நுழைந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பெருமாள் கிருபை, உயிர் போகலை. ஆனா கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரப்போறா. யார் பொறுப்புன்னு ரிப்போர்ட்ல ஒரு பேர் வேணும். விதி தெளிவா இருக்கு, முருகேசன்தான்."

விதி தெளிவாகத்தான் இருந்தது. சுமையைக் கட்டுவதும், கட்டு சரியா என்று சுற்றிப் பார்ப்பதும் ரிக்கரின் பொறுப்பு. அவர் காட்டும் சைகைப்படி இயக்குவது ஆபரேட்டரின் பொறுப்பு. சந்தேகம் இருந்தால் ஆபரேட்டர் தூக்க மறுக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. ஆனால் அவருக்குச் சந்தேகம் இருந்ததா என்பதை அவரே சொன்னால்தான் தெரியும். செபஸ்தியான் கொடுத்திருந்த வாக்குமூலம் ஒரே வரி: சிக்னல் கொடுத்தார், தூக்கினேன்.

"அவனை வேலையை விட்டு அனுப்பணும்னு எனக்கென்ன ஆசையா?" என்றார் சம்பத் சார். "ஆனா ஒருத்தர் மேலயும் நடவடிக்கை இல்லேன்னா, நாளைக்கு எல்லாருக்கும் குளிர் விட்டுப்போயிடும்."

"எனக்கு ரெண்டு நாள் குடுங்க சார்."

"எதுக்கு? கட்டினது அவன்தானே?"

"அவர்தான் சார். ஆனா தூக்கறதுக்கு முன்னாடி செபஸ்தியான் கொஞ்ச நேரம் தாமதிச்சாரு, கிரேன் பெல்லை நீட்டி அடிச்சாருன்னு பக்கத்துல இருந்தவங்க சொல்றாங்க. ஏன்னு தெரியாம எழுதினா, அந்த ரிப்போர்ட் ஒரு மனுஷனை வெளியே அனுப்புமே தவிர, அடுத்த விபத்தைத் தடுக்காது."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு நாள்" என்றார்.

முருகேசன் டைம் ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் பரிசாகக் கிடைத்த பேனா சட்டைப் பையில் அப்படியே இருந்தது.

"எழுதியாச்சா மேடம்?"

"இன்னும் இல்லைங்க. நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

"சொல்ல என்ன இருக்கு? கட்டினது நான். அந்தப் பக்கம் சுத்திப் போய்ப் பார்க்கல. பிளேட்டை வழியில அடுக்கி வச்சிருந்தாங்க. இந்தப் பக்கத்துலேருந்து குனிஞ்சு பார்த்தேன், சரியாத்தான் தெரிஞ்சுது."

"பெல் அடிச்சுதாமே?"

"அடிச்சுது. அந்தக் கிரேன் எப்பவும் அப்படித்தான் நீட்டி அடிக்கும். சீக்கிரம் ஆகட்டும்னு என்னைக் கேலி பண்ணும். அதான் கோவத்துல மறுபடியும் தூக்குன்னு கையைக் காட்டினேன்."

கிரேன் அடித்தது, கிரேன் கேலி செய்தது. அதற்குள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அவர் பேச்சு ஒப்புக்கொள்ளவே இல்லை. வேலை போகக்கூடிய அந்த நிலையிலும் அவர் செபஸ்தியானின் பெயரைச் சொல்லவில்லை. பழி சொல்வதற்காகக்கூட.

நான் எழுந்தபோது மெதுவாகச் சொன்னார்: "இந்த வயசுக்கு மேல வேற எந்த கேட்லயும் என்னை உள்ள விட மாட்டாங்க மேடம். எனக்குத் தெரிஞ்சது இந்தக் கட்டு ஒண்ணுதான்."

3. வையம்பட்டி பஸ்

ரஹ்மத்துல்லா ஒப்பந்தத் தொழிலாளி. வீடு பாலக்கரையில். மருத்துவமனைக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"படுங்க, படுங்க. வலி எப்படி இருக்கு?"

"அல்லா காப்பாத்துனான் மேடம். வலி இருக்கு. அதை விடுங்க. காண்ட்ராக்டர் போன் பண்ணாரு, கை சரியானதும் பார்க்கலாம்கறாரு. கிரைண்டிங்குக்கு ரெண்டு கையும் வேணும். கை சரியாகலன்னா எதைப் பார்க்கறது?"

இல்லாத உறுதியை அவருக்குக் கொடுக்க விரும்பவில்லை. சிகிச்சைச் செலவுக்கும் விடுப்புக் கால உதவிக்குமான ஏற்பாட்டை மட்டும் சொன்னேன். வேலையைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். பிறகு கேட்டேன்: "அவங்க ரெண்டு பேருக்கும் என்னதாங்க பிரச்சினை?"

"உங்களுக்குத் தெரியாதா? கல்யாணப் பத்திரிகைத் தகராறு."

செபஸ்தியானின் மகள் கல்யாணம். மற்றவர்களுக்கெல்லாம் வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்தவர், முருகேசனுக்கு மட்டும் ஷாப் எனப்படும் பட்டறைக் கூடத்திலேயே, கிரேனை விட்டு இறங்கி வந்து, கையுறையோடு நீட்டியிருக்கிறார். "உனக்கு எதுக்குடா வீடு தேடி வரணும், நீ நம்ம ஆளு, நீதான் முன்னாடி நின்னு நடத்தணும்" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் மனதில் அது நெருக்கத்தின் அடையாளம். முருகேசன் அதை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மனைவி கேட்டாராம்: "அண்ணனும் அண்ணியும் வரலையா? தட்டு வச்சு அழைக்கற அளவுக்குக்கூட நாம இல்லையா?" அதோடு இன்னொன்றும் தெரிய வந்திருக்கிறது. மேனேஜர் வீட்டுக்கு, ஸ்ரீரங்கத்துக்கு, செபஸ்தியான் தம்பதியாகப் பழத்தட்டோடு போயிருக்கிறார்.

"முருகேசண்ணன் அன்னிக்கு கேன்டீன்ல கேட்டாரு மேடம். 'ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் இருக்கு, வையம்பட்டிக்கு மட்டும் பஸ் இல்லையா'ன்னு. அவரு கல்யாணத்துக்குப் போகல. நீதான் முன்னாடி நிக்கணும்னு சொன்ன ஆள் வரலையேன்னு செபஸ்தியானண்ணனுக்கு ரோஷம். அன்னியிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

வேலை மட்டும் நின்றதே இல்லை. கிரேன் வேலைக்குச் சைகை போதும், வாய் வேண்டியதில்லை. சைகையில் அடங்காத எதையாவது சொல்ல வேண்டி வந்தால், முருகேசன் கிரேனின் ஹூக்கைப் பார்த்துப் பேசுவார்: "இந்த ஹூக்குக்கு இன்னிக்குத் தூக்கம் வருது போல." மேலே செபஸ்தியான் கூரையைப் பார்த்துப் பதில் சொல்வார்: "கீழ நிக்கறவங்க முழிச்சிருந்தாச் சரி." ஷாப் முழுவதும் இதைக் கேட்டுச் சிரிக்கும். சூப்பர்வைசர் இதைப் புது ஆட்களுக்கு வேடிக்கை காட்டுவார். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

"நானும் சிரிச்சிருக்கேன் மேடம்" என்றார் ரஹ்மத்துல்லா, கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி. "நல்லா இருக்கும் கேக்க."

4. கேபினில்

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் நான் கிரேன் கேபினுக்கு ஏறினேன். அறிக்கை எழுதுகிறவர் விபத்தை அது நடந்த உயரத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தோன்றிய எளிய நியாயம். ஏணி செங்குத்தானது. மேலிருந்து செபஸ்தியான் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்: "பார்த்து மேடம். கீழ பார்க்காதீங்க. கம்பியை விடாதீங்க."

கேபின் சிறியது. ஒரு இருக்கை, கைப்பிடிகள், தண்ணீர் பாட்டில், கண்ணாடியில் ஒட்டிய மாதா படம். ஷெல்லை விபத்துக்கு முன் இருந்த இடத்திலேயே, இருந்த விதமாகவே வைக்கச் சொல்லியிருந்தேன். முருகேசன் வழக்கமாக நிற்கும் மஞ்சள் வட்டம் கீழே உள்ளங்கை அளவில் தெரிந்தது.

யார் தவறு என்று அவரைக் கேட்கக் கூடாது என்று ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு வரிப் பதில் தயாராக இருந்தது. அதில் பொய்யும் இல்லை.

"இங்கேருந்து பார்த்தா என்னென்ன தெரியும்? எனக்குக் காட்டுங்களேன்."

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். "அதோ வெல்டிங் செட்டு. அந்த ஓரத்துல பிளேட் அடுக்கு. இது ஷெல்லு. இந்த முனையில ஒரு ஸ்டப். அந்த முனையில..." நிறுத்திவிட்டார்.

எதிரில் இருப்பவர் மௌனமானால் அதை நிரப்பாதே என்று வகுப்பில் படித்திருக்கிறோம். படிக்கும்போது அது எளிதாக இருந்தது. அங்கே, அவ்வளவு உயரத்தில், ஒரு மனிதரின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை.

"தெரிஞ்சுது மேடம்" என்றார். "ஸ்லிங்கு ஸ்டப் மேல பாதி ஏறி உக்காந்திருந்துது. நல்லபடியாவும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். சந்தேகந்தான். நிறுத்தினேன். பெல் அடிச்சேன். மறுபடியும் தூக்குன்னு கையைக் காட்டினான்."

"அப்போ உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுச்சு?"

"முருகேசா, அந்தப் பக்கம் ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு வாடான்னு தோணுச்சு. வாய் வரைக்கும் வந்துது." அவர் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமாக் கூப்பிடாத பேரு மேடம். வெளிய வரல."

கிரேன் வேலைக்கு வரையறுக்கப்பட்ட சைகைகள் எல்லாம் எங்கள் சுவரில் படமாக ஒட்டப்பட்டிருந்தன. தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவாக, நிறுத்து. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்பதற்கு அன்று அதில் சைகை இல்லை. நிறுத்து என்பது முடிவு. சந்தேகம் முடிவுக்கு முந்தையது. அதைக் குரலால்தான் சொல்ல முடியும். சரியாக இல்லாமலும் போகலாம், கேலிக்கு ஆளாகவும் நேரலாம் என்ற நிலையில் ஒருவர் வாய் திறப்பதற்கு, எதிரில் இருப்பவர் திரும்பிப் பார்த்துக் கேட்பார் என்ற குறைந்தபட்ச நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை இரண்டு வருடத்துக்கு முன்பே அங்கே அறுந்துவிட்டது. சைகைகள் ஒழுங்காக நடந்ததால் எங்களுக்கு அது தெரியவில்லை.

"சிக்னல் குடுத்தான், தூக்கினேன்னு எழுதிக் குடுத்தேன். அது பொய் இல்லையே மேடம்?"

"பொய் இல்லைங்க."

"முழுசும் இல்ல. அதானே?"

விளைவுகளை மறைக்காமல் சொன்னேன். இதை அவர் விசாரணையில் சொன்னால் அவர் மீதும் நடவடிக்கை வரும். கறையில்லாத சர்வீஸ் ரெக்கார்டில் கறை படியும். ஓய்வுக்குப் பிறகு அவர் எதிர்பார்த்திருந்த பணி நீட்டிப்பு கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் முருகேசனுக்கு வேலை போகும். "இங்க பேசினதை உங்க அனுமதி இல்லாம நான் எழுத மாட்டேன். நாளைக்கு விசாரணையில கேப்பாங்க. அப்போ சொல்றதும் சொல்லாததும் உங்க விருப்பம்."

நான் இறங்கும்போது, "கம்பியை விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீடு திரும்பிய பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. வாக்குறுதி கொடுத்தது சரியா? அவர் சொல்லாவிட்டால், உண்மை தெரிந்தும் ஒருவர் வேலையிழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேனா? வற்புறுத்தி வாங்கிய வார்த்தையை அவர் மறுநாள் மறுத்தால் அதுவும் முருகேசனுக்குத்தான் கேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் முழுதாக ஒட்டவில்லை.

5. விசாரணை

சம்பத் சாரின் அறையில் நாங்கள் நால்வர். மேசைக்கு ஒரு பக்கம் அவரும் நானும். எதிரில், நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, செபஸ்தியானும் முருகேசனும். சம்பத் சார் இருவரின் வாக்குமூலங்களையும் வாசித்தார்.

"செபஸ்தியான், இதுல சேர்க்க வேண்டியது ஏதாவது உண்டா?"

செபஸ்தியான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் பேனாவை மூடி வைத்தேன்.

"இருக்குங்க சார்" என்றார். "ஸ்லிங்கு ஏறியிருந்ததை நான் பார்த்தேன். சொல்லல."

"பார்த்தேளா? பார்த்துட்டுமா தூக்கினேள்?"

"ஆமாங்க சார்."

முருகேசன் திரும்பினார். கடிகாரத்தையோ மேசையையோ பார்க்காமல் நேராக அவரைப் பார்த்தார்.

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். பெல் அடிச்சேன்ல?"

"பெல்லு! பெல்லை வச்சுக்கிட்டு நான் என்னத்தைப் புரிஞ்சுக்கறது? வாய் என்னடா ஆச்சு ஒனக்கு?"

"ஒனக்குக் காது இருந்துதாடா? இருந்தா ஹூக்குகிட்ட ஏன் பேசிக்கிட்டிருந்தே?"

"வையம்பட்டிக்கு வர உனக்கு வழி தெரியல..."

"வீட்டுக்கு வரலைன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியாடா நீ? கேன்டீன்ல ஊருக்கே சொன்னே. என்கிட்ட கேட்டியா?"

சம்பத் சார் மேசையைத் தட்டக் கையை எடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் தாங்களாகவே பேசிய முதல் பேச்சு அது. பாராட்டுப் பேனாவுக்குரிய பேச்சு அல்ல, ஆனாலும் பேச்சு.

முருகேசன் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிக் கேட்டார்: "ரஹ்மத்து கை எப்படி இருக்காம் மேடம்?"

"எலும்பு சேரும்கறாங்க. முழுசாத் திரும்புமான்னு சொல்ல முடியாதாம்."



அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சம்பத் சார் என்னிடம் கேட்டார்: "இப்போ நான் ரெண்டு பேரையுமா அனுப்பணும்?"

நான் அறிக்கையை நீட்டினேன். இருவருக்கும் சம்பளமில்லாத தற்காலிகப் பணியிடைநீக்கமும் எழுத்து மூலமான எச்சரிக்கையும் பரிந்துரைத்திருந்தேன். காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் இன்னொரு பத்தி இருந்தது. ஆபத்தான ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் இருவர் பேசிக்கொள்வதில்லை என்பது மேற்பார்வையாளருக்கும், மனிதவளப் பிரிவுக்கும், ஒர்க்ஸ் மேனேஜருக்கும் தெரிந்திருந்தும், அது ஒரு வேடிக்கையாகவே நடத்தப்பட்டது என்று எழுதியிருந்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"என்னையும் எழுதியிருக்கேள்."

"என்னையும்தான் எழுதியிருக்கேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஹூக்கோட பேசற கதையை ஆத்துல சொல்லி எல்லாருமாச் சிரிச்சிருக்கோம்" என்றார். பிறகு கையெழுத்திட்டார்.

6. இன்று

மாற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தூக்கலுக்கும் முன் ஆபரேட்டர் மேலிருந்து தெரிவதை வாக்கி-டாக்கியில் ஒரு வரி சொல்ல வேண்டும். ரிக்கர் கீழிருந்து தெரிவதை ஒரு வரி சொல்ல வேண்டும். அதன் பிறகே சைகை. சுவரில் இருந்த படங்களோடு புதிதாக ஒன்றும் சேர்ந்தது: உள்ளங்கையால் ஹெல்மெட்டின் உச்சியைத் தட்டுவது. எனக்குச் சந்தேகம் இருக்கிறது, பேசு என்று பொருள். தொழிலாளர்களே கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த சைகை அது. அதைக் காட்டியவரைக் கிண்டல் செய்யக் கூடாது என்ற விதியையும் அவர்களே சேர்த்தார்கள். முதல் சில வாரங்கள் கிண்டல் இருக்கத்தான் செய்தது.

ரஹ்மத்துல்லாவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. கிரைண்டிங் இனி முடியாது. கருவிக் கிடங்கில் அவருக்கு ஒரு வேலையைப் பெற்றுத் தர நீண்ட நாள் எழுதவும் நடக்கவும் வேண்டியிருந்தது. இன்று அவர் அங்கே இருக்கிறார். ஆனாலும் இழப்புக்கு அது ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்லிங் வாங்க முருகேசன் வந்தால் அவர் கேட்பதுண்டு: "ஏண்ணே, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு என் கைதான் கிடைச்சுதா?" முருகேசன் சிரிப்பதில்லை. ஸ்லிங்கை வாங்கிக்கொண்டு, "டீ குடிச்சியா?" என்று கேட்பார்.

இளைய நண்பர்களே, உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். பயிற்சி வகுப்பில் அந்த இருவரும் அழகாகப் பேசினார்கள். பேசத் தெரியாததால் அவர்கள் தவறு செய்யவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய ஆளிடம், சந்தேகத்தைச் சொல்ல இடமில்லாமல் போனதுதான் தவறு. அந்த இடத்தை உண்டாக்குவதும், அது அடைபடுவதைக் கண்டு சிரிக்காமல் இருப்பதும் நம் வேலை. அடைபட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தச் சண்டையில் இல்லாத ஒரு மூன்றாவது ஆள்.

செபஸ்தியானும் முருகேசனும் மீண்டும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கேன்டீனில் இன்றும் தனித்தனி மேசைதான். முருகேசன் தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது பொன்மலைக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை; அது அவர்கள் விஷயம். போன வாரம் ஷாப்பைக் கடந்து போகும்போது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னோடு இருந்தாள். ஹூக் இறங்கி நின்றிருந்தது. மேலே கேபினில் ஒரு கை ஹெல்மெட்டைத் தட்டியது. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"முருகேசா, அந்தப் பக்கம் ஸ்லிங்கைப் பாரு."

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு."

"கண்ணு தெரியலன்னா எறங்கி வந்து நீயே பாரேன்டா."

"எனக்குச் சந்தேகமா இருக்குடா."

"சண்டை போடறாங்களா மேடம்?" என்று அவள் என்னைக் கேட்டாள். பார்க்கும்படி சொன்னேன். முருகேசன் வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, முணுமுணுத்தபடி, ஷெல்லைச் சுற்றி மறுபக்கம் நடந்தார்.